ரப்பர்க் கொட்டைத் தேர்தல்

மலாயாவில் அந்த ரப்பர்த் தோட்டத்துக்குக் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக நான் போய்ச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. தைப்பிங்கில் ஏழாவது வரை இங்கிலீஷ் படித்திருந்தேன். அதற்கு மேல் படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லை, எனக்கும் அவ்வளவு மூளை இல்லை. ஈப்போவிலிருந்து ஜெலாப்பாங் வழியாக மாட்டுவண்டியில் அரை நாள் போனால் தோட்டம் வரும். பெரிய கிராணி வயிற்றுக் கோளாறு என்று லீவில் போனவர் திரும்பி வரவே இல்லை. அதனால் பேர் எழுதுவது, கடிதம் படிப்பது, துரைக்கும் ஆட்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது எல்லாம் நான் ஒருவனே.

நான் போன காலத்தில் இருந்த துரை குதிரையை விட்டு இறங்க மாட்டார். கடவுளைப் போலத்தான் அவரும்: இருக்கிறார் என்று எல்லோரும் நம்பினோம், யாருக்கும் ஒரு காரியமும் ஆனதில்லை. நிஜமான ராஜாங்கம் கங்காணியுடையது. தோட்டத்தில் முக்கால்வாசிப் பேரை அவர்தான் தன் ஜில்லாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்தார். விடியற்காலையில் ஆட்கள் வரிசையாக நிற்கும் பெரட்டில் கணக்கு எடுப்பவர் அவர், எந்த நிரையில் யார் பால் வெட்டுவது என்று சொல்பவர் அவர், மாரியம்மன் திருவிழாவுக்குத் தேதி குறிப்பவரும் அவர். தோட்டத்துக் கடையும் அவருடையது. லூமுட்டிலிருந்து வரும் கருவாடு அந்தக் கடைக்குள் நுழைந்ததும் ஈப்போ விலையைப் போல இரண்டு மடங்காகிவிடும். அதே கருவாடுதான், நாற்றம் மட்டும் கொஞ்சம் கூடியிருக்கும்.

கடைக்குப் போகாமலும் ஆட்கள் குடியிருந்த லயத்தில் பிழைக்க முடிந்தது என்றால் அது ஒரு பெண்பிள்ளையால். புல்வெட்டுக் கும்பலில் வேலை செய்த விதவை. நாற்பது வயது இருக்கும். கூடைக்கார அக்கா என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். வேலை முடிந்ததும் தலையில் கூடையோடு வீடு வீடாகப் போவாள். ஒருத்தி நாலு கோழிமுட்டை தருவாள், இன்னொருத்தி முருங்கைக்கீரை, மற்றொருத்தி ஆட்டுப் புழுக்கை. எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குக் குறுக்கே கிடந்த ஒற்றை மரத்தின் மேல் நடந்து அக்கரைக்குப் போவாள். அங்கே ஒரு சீனன் தனியாகக் காய்கறித் தோட்டம் போட்டிருந்தான். புழுக்கை அவனுக்கு எருவாகும், முட்டை அவன் சாப்பாட்டுக்கு. பதிலுக்குப் பயற்றங்காய், கங்குங் கீரை, கத்தரிக்காய் எல்லாம் கூடையில் ஏறும். திரும்பி வந்து யாருக்கு எவ்வளவு என்று வாசல் வாசலாக இறக்குவாள். காசு யார் கண்ணிலும் படாது. கங்காணிக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் அவர் பெண்டாட்டியே அக்காவிடம்தான் கத்தரிக்காய் வாங்கினாள் என்பதால் வாயைத் திறக்காமல் இருந்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது பழைய துரை சீமைக்குப் போய்விட்டார். புதுத் துரை வந்தார். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். வெயிலில் மூக்கு தோல் உரிந்து எப்போதும் சிவந்திருக்கும். கப்பலில் வரும்போதே புத்தகம் வைத்துத் தமிழ் படித்தாராம். அது துரைமாருக்கென்று போட்ட புத்தகம். அதில் வா, போ, தூக்கு, வெட்டு, வாயை மூடு என்பதைத் தவிர வேறு தமிழ் கிடையாது. அதை வைத்துக்கொண்டு அவர் மரியாதையாகப் பேசப் பார்ப்பார். என்னிடம் அன்பாகச் சிரித்தபடி, "கிராணி, நீ உட்காரு, வாயை மூடு, சாப்பிடு" என்பார். விருந்து உபசாரமாக்கும்.

ஒரு நாள் பெரட்டு முடிந்ததும் என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஒரு சங்கதி சொன்னார். லயத்துச் சண்டை சச்சரவுகளைத் தீர்த்துவைக்க ஒரு தலைவர் வேண்டும். தலைவர் நேரே துரையிடம் வந்து பேசலாம். அந்தத் தலைவரைத் துரை நியமிக்கப் போவதில்லை, ஆட்களே தேர்ந்தெடுக்க வேண்டும். நான் அதைத் தமிழில் சொன்னேன். நூற்று நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கள்ளு குடித்திருக்கிறேனா என்று பார்த்தார்கள் என நினைக்கிறேன்.

கங்காணி ஒரு கணமும் யோசிக்கவில்லை. "அதுக்கென்ன தொரை, எம் மச்சான் இருக்கான்" என்றார்.

அவருடைய மச்சானைத் தோட்டமே மச்சான் என்றுதான் அழைத்தது. கங்காணிக்கு மச்சான் என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு உத்தியோகம் இல்லை. நல்ல மீசை வைத்திருந்தார். அதை முறுக்குவதற்கே காலை நேரம் போய்விடும்.

"இன்னும் யார்?" என்றார் துரை.

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து ஒரு குறும்புக் குரல், "கூடைக்கார அக்கா!" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். துரைக்குச் சிரிப்பு எதற்கென்று புரியவில்லை, தன் யோசனை மக்களுக்குப் பிடித்துவிட்டது என்று எண்ணி அவரும் சிரித்தார்.

"எனக்கு எதுக்கு இந்த வேலை? எங் கீரை வாடிப்போவும்" என்றாள் அக்கா.

அதோடு போயிருக்கும். ஆனால் கங்காணியின் சிரிப்பு நிற்கவில்லை. மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மச்சான் தோளில் தட்டித் தட்டிச் சிரித்தார். அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டு அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"சரி கிராணியாரே, எம் பேரையும் எழுதிக்கங்க" என்றாள்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்குத் துரை ஒரு வழி வைத்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாத ஜனம், ஆகவே காகிதம் கூடாது. ஸ்டோர் அறைக்குள் இரண்டு பால் வாளி வைப்பது. மச்சான் வாளிக்குச் சிவப்புத் துணி, அக்கா வாளிக்கு வெள்ளைத் துணி. ஒவ்வொருவராக உள்ளே போய், யார் வேண்டுமோ அவர் வாளியில் ஒரு ரப்பர்க் கொட்டையைப் போட வேண்டும். இதைச் சொல்லிக்கொண்டே அவர் குனிந்து காலடியில் கிடந்த ஒரு கொட்டையைப் பொறுக்கி எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார்.

ரப்பர்க் கொட்டை வெடித்து உதிரும் பருவம் அது. காலை வைத்த இடமெல்லாம் கொட்டை. துரையின் காலடியில் அது எப்படி வந்தது என்று துரையே யோசிக்கவில்லை. எனக்குத் தோன்றியது. ஆனால் துரைக்கு யோசனை சொல்லும் பழக்கம் எனக்கு அப்போது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தேர்தல் நடந்தது. உள்ளே போனவர்கள் வேட்டி மடிப்பில், முந்தானையில், தலைப்பாகையில் கட்டிக்கொண்டு போனார்கள். ஒரு பால்வெட்டுக்காரர் சாக்கோடு போனார். மத்தியானம் கதவைத் திறந்தால் சிவப்புத் துணி வாளி கண்ணிலேயே படவில்லை, கொட்டைக் குவியலுக்குள் புதைந்துபோயிருந்தது. வெள்ளைத் துணி வாளியும் நிரம்பித் தரையெங்கும் சிதறிக் கிடந்தது. துரை வாசலில் நின்று வெகுநேரம் அதைப் பார்த்தார்.

"ஜனங்களுக்கு அம்புட்டுப் பிரியம் தொரை" என்றார் கங்காணி.

துரை மறுநாளே ஈப்போவுக்குப் போனார். ஒரு சீனக் கடையில் நூற்றைம்பது கண்ணாடிக் கோலி வாங்கிக்கொண்டு வந்தார். பச்சைக் கோலி, நடுவில் வெள்ளைச் சுழி. இது மரத்தில் காய்க்காது என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். சனிக்கிழமை பெரட்டில் தன் கையாலேயே ஆளுக்கு ஒன்றாக நூற்று நாற்பதையும் கொடுத்தார். மீதிப் பத்தை என் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டச் சொன்னார். "நாளைக்குப் போடு. இன்றைக்கு யோசி" என்று ஆட்களுக்குத் தமிழிலேயே உத்தரவிட்டார்.

ஆட்கள் யோசித்தார்கள். வெயில் ஏறுவதற்குள் ஒரு கோலிக்கு ஒரு முழுக் கருவாடு என்று கங்காணி கடையில் விலை வந்துவிட்டது. கள்ளுக்கடையிலும் கங்காணி கணக்கில் ஒரு கோலிக்கு ஒரு கோப்பை. கடை வாசலில் திருவிழாக் கூட்டம். தோட்டத்தில் எனக்குத் தெரிந்து முதல் முறையாக ஜனங்கள் கங்காணி கடையில் பேரம் பேசினார்கள். "இந்த மீனுக்கு வாலு இல்ல, எங் கோலி முழுசா இருக்குல்ல" என்று ஒருவர் சண்டை போட்டதை நானே கேட்டேன். கூட்டத்தைக் கண்ட கங்காணி அரைக் கருவாடு ஆக்கினார். கொஞ்ச நேரத்தில் கால். அதன் பிறகு கருவாடே தீர்ந்துபோனது.

மீன் கிடைக்காதவர்கள் ஆற்றைத் தாண்டினார்கள். சீனத் தோட்டக்காரனுக்கு எங்கள் தேர்தல் ஒன்றும் தெரியாது. ஆனால் பச்சைக் கோலியைக் கொடுத்தால் கங்காணி கருவாடு கொடுக்கிறார் என்ற சேதி மட்டும் காற்றோடு அவனுக்கு எட்டியிருந்தது. அவன் கருவாட்டுப் பிரியன். ஒரு கோலிக்கு ஒரு கட்டுக் கீரையும் ஒரு கை பயற்றங்காயும் என்று அவன் வாங்கத் தொடங்கினான்.

அக்கா எதுவும் வாங்கவில்லை. வழக்கம்போலக் கூடையோடு லயத்தைச் சுற்றினாள். நான் அவளைப் பார்த்து, "நீங்க சும்மா இருக்கீங்களே அக்கா?" என்றேன்.

"எங்கிட்டக் கருவாடா இருக்கு? போடுறவுங்க போடட்டும்" என்றாள்.

அன்று சாயங்காலம் கங்காணி வீட்டிலிருந்து எனக்கு ஒரு சட்டி வந்தது. வாத்துக் குழம்பு. நான் தனிக்கட்டை, என் சமையலை நானே சாப்பிட்டுக்கொண்டிருந்தவன். மூடியைத் திறந்ததும் என் படிப்பு, மானம் எல்லாம் ஆவியோடு மேலே போய்விட்டன. இரண்டாவது துண்டைக் கடித்துக்கொண்டிருக்கும்போது கங்காணியே வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"கிராணியாரே, ஒங்க டிராயர்ல பத்து கோலி சும்மா தூங்குதாமே?"

"அது துரையோடது."

"தொரை வருவாரு, போவாரு. நாம இங்கதான இருக்கப் போறோம். கறி வெந்திருக்கா?"

நன்றாக வெந்திருந்தது. சாவியை எடுத்தேன். யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை, மிரட்டவில்லை. அவர் கேட்டார், நான் கொடுத்தேன். நூற்று நாற்பது பேரைத் தினமும் அடக்கி வைக்கிற வித்தை இவ்வளவு சுலபமா என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் குழம்பை மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் காலை வாளிகளைத் துரையே கழுவி வைத்தார். ஒவ்வொருவரும் உள்ளே போகும்முன் கையைத் திறந்து காட்ட வேண்டும் என்றார். கங்காணி தான் வாங்கிய கோலிகளைத் தன் ஆட்களிடம் பிரித்துக் கொடுத்திருந்தார். அவர்கள் ஒன்றைக் கையிலும் மற்றதை வாயிலும் வைத்துக்கொண்டு போனார்கள். வணக்கம் சொன்ன துரைக்குப் பதில் சொல்ல முடியாமல் கன்னம் உப்பிய, மேஸ்திரி வேலை பார்த்த மண்டோர் ஒருவரைப் பார்த்து, பல்வலியா என்று துரை அனுதாபத்தோடு கேட்டார்.

கூட்டம் ஏறக்குறைய முடிந்த நேரத்தில் சீனன் வந்தான். கோரைத் தொப்பி, வெறுங்கால், கையில் ஒரு துணி மூட்டை. நேரே கங்காணியிடம் போய் மூட்டையை அவிழ்த்தான். முப்பத்து நாலு கோலி வெயிலில் மின்னின.

"இனி கூலி, மாவு துக்கார் ஈக்கான்" என்றான். இந்தக் கோலியைத் தருகிறேன், மீன் கொடு என்று அர்த்தம். மலாயில் கோலிக்குக் கூலி என்று பெயர். அதைக் கேட்டுக் கூலிகள் எல்லோரும் சிரித்தார்கள்.

கங்காணியின் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. "ஈக்கான் ஹாபிஸ்" என்றார். மீன் தீர்ந்துவிட்டது. பிறகு துரை பார்க்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்து, மடியிலிருந்து ஒரு சின்னப் புகையிலைப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். ஒரு நாள் அறுவடை முழுவதையும் கொடுத்தவனுக்கு ஒரு பொட்டலம் புகையிலை! சீனன் அதை வாங்கி மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

துரை என்னைக் கூப்பிட்டு இது என்ன என்று கேட்டார். நான் சொன்னேன். கருவாட்டு விலை, கள்ளு விலை, கீரை விலை எல்லாவற்றையும் சொன்னேன். டிராயர் விலையை மட்டும் சொல்லவில்லை. துரை கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஸ்டோர் படியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். "எங்கள் ஊரில் என் தாத்தா காலத்தில் பீர் கொடுத்து வாங்குவார்களாம்" என்றார் இங்கிலீஷில், "இங்கே கருவாடு."

அதற்குள் அக்கா சீனனிடம் போய்விட்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்த மலாய் பத்து வார்த்தை, அவனுக்குத் தெரிந்தது பன்னிரண்டு. மிச்சத்தைக் கையால் பேசினாள். நீ காய்ச்சலில் கிடந்தபோது உன் காயை யார் சுமந்து போய்க் கொடுத்தது? இந்த மீசைக்காரன் தலைவனானால் அந்த ஆற்று மரத்தை எடுத்துவிடுவான், அப்புறம் உன் கீரையை நீயே தின்ன வேண்டியதுதான். சீனன் மச்சானைப் பார்த்தான். மச்சான் மீசையை முறுக்கினார். அது போதுமானதாக இருந்தது. சீனன் மூட்டையைச் சுருட்டிக்கொண்டு ஸ்டோருக்குள் போனான். வெள்ளைத் துணி வாளியில் கோலிகள் கலகலவென்று விழுந்த சத்தம் வெளியே எங்களுக்கெல்லாம் கேட்டது.

துரை தடுக்கவில்லை. வாளிகளை வெளியே கொண்டுவரச் சொல்லித் தானே எண்ணினார். மச்சானுக்கு அறுபத்தாறு. அக்காவுக்கு எழுபத்தைந்து. பெண்கள் பக்கத்தில் ஒரே குலவை. கங்காணி வானத்தைப் பார்த்தார். துரை மட்டும் விரலை மடக்கி இரண்டையும் கூட்டிக்கொண்டிருந்தார்.

"நூற்று நாற்பத்தொன்று" என்றார். "நான் கொடுத்தது நூற்று நாற்பது."

அவருக்குத் தெரியாது, இன்னும் ஒன்பது கோலி பிள்ளைகள் சட்டைப்பையிலும் சாக்கடையிலும் கிடந்தன. கணக்கில் ஏறிய பத்தும் எங்கிருந்து வந்தன என்பது எனக்கும் கங்காணிக்கும் மட்டும் தெரியும். துரை என்னை நேராகப் பார்த்தார். நான் வாளியைப் பார்த்தேன். அவர் எழுந்தார். தேர்தல் செல்லாது என்றார். தலைவரைத் தானே நியமிப்பதாகச் சொன்னார். பெயர் மச்சானுடையது. ஒரு பெண்பிள்ளை தலைவர் என்று மேலிடத்துக்கு எழுத அவருக்குத் தைரியம் இல்லை என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன், ஒரு கோலி கூடியது அவருக்கு வசதியாகப் போயிற்று. அந்த வசதியைச் செய்து கொடுத்தவன் நான்.

மச்சானுக்கு ஒரு நாற்காலியும் ஒரு கறுப்புக் குடையும் கிடைத்தன. தலைவரின் முதல் உத்தரவு மறுநாளே வெளியானது: ஆற்று மரம் அபாயகரமானது, ஆகையால் எடுக்கப்படும். நாலு பேரை விட்டு அதைப் புரட்டிக் கரையில் போட்டார். அக்கா கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டாள்.

மூன்று நாள் லயத்தில் பச்சைக் காய் இல்லை. நாலாவது நாள் கங்காணியின் பெண்டாட்டி புருஷனோடு பேசுவதை நிறுத்தினாள். அன்றைக்கே துரை பங்களாவிலிருந்து ஆள் வந்து என்னைக் கூப்பிட்டான். துரை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். தட்டில் டப்பா மீனும் ஒரு வேகாத உருளைக்கிழங்கும்.

"என் பயற்றங்காய் எங்கே?" என்றார்.

சமையற்காரர் கதவோரமாக நின்றுகொண்டு, காய் இத்தனை நாளும் கூடைக்கார அக்காவிடம்தான் வந்தது, பதிலுக்குப் பங்களாக் காலிப் பாட்டில் போகும் என்று சொன்னார். இந்த மலாயா நாட்டில் பெரிய பெரிய கவர்மெண்டெல்லாம் எதை நம்பி நடக்கிறதோ தெரியாது, எங்கள் துரையின் கவர்மெண்ட் அந்தக் கூடையை நம்பி நடந்திருக்கிறது. துரைக்கே அப்போதுதான் தெரிந்தது. சாப்பாட்டை விட்டு எழுந்து, தொப்பிகூடப் போடாமல் ஆற்றங்கரைக்கு நடந்தார்.

"மச்சான்! வா! தூக்கு! போடு!" என்றார். அந்தப் புத்தகத் தமிழ் அன்றைக்குத்தான் முழுசாகப் பயன்பட்டது.

உதவிக்கு யாரும் முன்வரவில்லை. மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். மரத்தின் ஒரு நுனியை அவர் பிடிக்க, மறு நுனியை அக்கரையிலிருந்து சீனன் இழுத்தான். மீசை நனைந்து தொங்கியது. நாங்கள் கரையில் நின்று பார்த்தோம். கங்காணி வரவில்லை, தலைவலி என்று சொல்லியனுப்பினார்.

அதன் பிறகு லயத்தில் எந்தச் சண்டை வந்தாலும் ஜனங்கள் அக்காவிடம்தான் போனார்கள். அவள் கூடையை இறக்காமல், நடந்துகொண்டே தீர்ப்புச் சொல்வாள். ஒரு நாள் அவளிடம் பத்துக் கோலி விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று தைரியம் வரவழைத்துக்கொண்டு போனேன்.

"அக்கா, அன்னிக்கு நான்..."

"வாத்துதான?" என்றாள். "வாசம் எங்க லயம் வரைக்கும் வந்துச்சு. நல்லா வச்சிருப்பாளே அவ." அதோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் எனக்கு ஈப்போவில் ஒரு அச்சாபீசில் வேலை கிடைத்தது. புறப்படும் நாளில் வண்டியருகே அக்கா வந்தாள். வழியனுப்ப வந்திருக்கிறாள் என்று நினைத்து வண்டியிலிருந்து இறங்கப் போனேன். அவள் ஒரு பெரிய சேனைக்கிழங்கை என் மடியில் வைத்தாள். ரயில் ஸ்டேஷன் பக்கத்தில் இன்ன இடத்தில் ஒரு தையற்காரர் இருக்கிறார், இதை அவரிடம் கொடுத்தால் ஒரு கத்தரிக்கோல் தருவார், அதை வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பு என்றாள். அவ்வளவுதான் பிரிவுபசாரம்.

மண் ஒட்டிய கிழங்கை அரை நாள் மடியில் சுமந்துகொண்டு போனேன். புது வேட்டி பாழ். தையற்காரர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணுதானா? ரெண்டுன்னுல்ல பேச்சு?" என்றார்.

அக்கா தந்தது இது ஒன்றுதான் என்று வேட்டியில் ஒட்டிய மண்ணைக் காட்டிவிட்டுக் கத்தரிக்கோலுக்குக் கையை நீட்டினேன். வண்டிக்காரர் மாட்டைப் பூட்டிக்கொண்டு, "சீக்கிரம் கிராணியாரே, மழை வருது" என்று சத்தம் போட்டார்.